திங்கட்கிழமைப் பாய்கள்

நெடுந்தீவு
3.6.1964

நண்பர் ஐயாத்துரைக்கு,

தமிழில் எழுதுகிறேன் என்று ஆச்சரியப்பட வேண்டாம். டொக்டரின் கட்டளை. இங்கிலீசில் எழுதத் தொடங்கினால் இரண்டாவது வரியிலேயே சட்டம் வந்து குந்திவிடுமாம். நீரும் தமிழிலேயே பதில் போடும். இங்கிலீசில் வந்தால் உடைக்காமல் திருப்பி அனுப்புவேன்.

நான் நீதிமன்றத்தில் விழுந்துபோனேன் என்று ஊர்காவற்றுறை முழுக்கக் கதை. விழவில்லை என்பதற்கு நீர் சாட்சி. எழும்பி நின்றேன், வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. பதினாறு வருசம் கோட்டில் வழக்குப் பேசும் பிறக்கிராசியாக இருந்தவனுக்கு ஒரு சொல் வரவில்லை. நீதவான் கண்ணாடிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ சோடா கொண்டுவரச் சொன்னார்கள். அப்போதுதான் நீர் எழும்பினீர். என் கைக்குள்ளிருந்த கடதாசிகளை மெல்ல இழுத்தெடுத்து, என் கட்சிக்காரனுக்காக, நான் பேச இருந்ததைவிட வடிவாகப் பேசி முடித்தீர். எல்லாரும் உம்மைப் புகழ்ந்தார்கள். நானும் உமக்குக் கைகொடுத்தேன். வீட்டுக்குப் போய்ச் சோற்றுக் கோப்பையைச் சுவரில் எறிந்தேன்.

மூன்று மாதம் மனைவியின் ஊரில் இருக்க வேண்டும் என்பது தீர்ப்பு. காலையில் கடற்கரையால் நடக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். வழக்குக் கதை கதைக்கக்கூடாது. மனதை அரிக்கிறதை நம்பிக்கையான ஒருவருக்கு ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பாதிரியாருக்குச் சொன்னால் போதாதா என்று கேட்டேன். அது பாவத்துக்கு, இது நோய் வருத்தத்துக்கு என்றார் டொக்டர்.

யோசித்துப் பார்த்தேன். எனக்கு நம்பிக்கையானவர் நீர் ஒருவர்தான். என்னை அரிக்கிறதும் நீர்தான். இனி நான் என்ன செய்ய?

திங்கட்கிழமை துறைக்குப் போனேன். சோளகக் காற்று தொடங்கிக் கடல் எழும்பிவிட்டது, செவ்வாய் காலமை லோஞ்ச் படகை நம்பினால் வழக்குக் கூப்பிட்ட பிறகுதான் போய்ச் சேரலாம். ஆகவே நம்முடைய சனம் வழக்கம்போல முதல் நாளே பாயும் கையுமாக ஏறியது. இத்தனை வருசம் அவர்கள் என் விறாந்தையில் வந்து பாய் விரிக்கிறதைத்தான் கண்டிருக்கிறேன். இங்கிருந்து ஏறுகிறதை இப்போதுதான் கண்டேன். "ஐயாவுக்கு இப்ப சுகமோ?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். கேட்டுவிட்டு உம்முடைய விறாந்தைக்குப் போனார்கள்.

எவ்வளவு பேர் வந்தார்கள் என்று மட்டும் எழுதும். வேறு ஒன்றும் வேண்டாம்.

பஸ்ரியாம்பிள்ளை

*

ஊர்காவற்றுறை
10.6.1964

அன்பின் பஸ்ரியாம்பிள்ளைக்கு,

உம்முடைய கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. நீர் கோப்பை எறிந்த வரிக்கு வந்ததும் மடித்து வைத்துவிட்டேன். திரும்ப எடுத்துப் படிக்க ஒரு நாள் சென்றது. அன்றைக்கு நான் எழும்பியது உம்முடைய மானத்தைக் காப்பாற்ற. அதை நீர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டால் நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

வழக்குகளைப் பற்றி எழுத மாட்டேன். டொக்டர் விலக்கியதை நண்பன் கொடுக்கக்கூடாது. ஆனால் விறாந்தையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர். விறாந்தை வழக்கு அல்ல என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

உம்முடைய ஆட்கள் உம்முடைய வீட்டில் மீன் காய்ச்சிப் பழகியவர்கள். எங்கள் வீடு சைவ வீடு என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் குசினிக்குள் வராமல், மரியாதையாகக் கிணற்றடியில் கல் வைத்துத் திருக்கை மீன் காய்ச்சினார்கள். யோகம்மா சாமியறைக் கதவைச் சாத்திப்போட்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு புளியங்கூடலுக்குத் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். "அந்த மனுசன் சுகமாகி வருமட்டும் நான் இந்தப் பக்கம் வரமாட்டன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். உமது சுகத்துக்காக என்னைவிட அவள்தான் கூடுதலாகக் கும்பிடுகிறாள்.

நேற்று விடிய முன்னம், விறாந்தையில் படுத்திருந்த சவிரிமுத்துக் கிழவர் யன்னலில் தட்டினார். "ஐயா, ஒரு சங்கதி சொல்ல மறந்துபோனன்." எழும்பிப் போய்க் கேட்டேன். படுக்கப் போக முன்னம் மூன்று தரம் சொன்ன அதே சங்கதிதான்.

விறாந்தை போதாமல் மாமரத்துக்குக் கீழேயும் படுத்தார்கள். செவ்வாய்க்கிழமை நீதவான் எல்லாருக்கும் முன்னால், "திரு. ஐயாத்துரை இரண்டு பேருடைய வேலையைச் செய்கிறார்" என்றார். இதை எழுதியிருக்கக்கூடாது. வெட்டினால் இன்னும் மோசமாகத் தெரியும் என்பதால் விட்டிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளும்.

ஐயாத்துரை

*

நெடுந்தீவு
12.6.1964

ஐயாத்துரை,

மாமரத்துக்குக் கீழேயுமா?

எனக்கு மாமரம் இல்லை. இருந்த ஒரேயொரு முருங்கையும் போன மாரியில் சரிந்துவிட்டது. நான் சுகமாகி வந்ததும் முதல் வேலையாக ஒரு மாங்கன்று நடுவேன் என்று உம்முடைய கடிதத்தைப் படித்தபடியே தீர்மானித்தேன். பிறகுதான் என்னைப் பார்த்தே எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு நிற்கவும் வயிறு எரிந்தது.

நமக்குள் ஒளிக்க என்ன இருக்கிறது. ஊர்காவற்றுறையில் ஒரு பிறக்கிராசியின் பெறுமதி அவருடைய திங்கட்கிழமை விறாந்தையில் இருக்கிறது. சட்டத்தில் அவர் எத்தனையாம் பிரிவில் பாஸ் என்று ஒருவரும் கேட்பதில்லை. "அவரின்ரை வீட்டிலை கால் வைக்க இடமில்லையாம்" என்றால் பெரிய ஆள். திங்கட்கிழமைகளில் நீர் கற்பூரம் வாங்கப் போகிற சாட்டில் என் வேலிப் படலையைக் கடந்து போவீர். எங்கள் தெருவில் கற்பூரம் விற்கிற கடையே கிடையாது. நானும் செபத்துக்குப் போகிறேன் என்று வெளிக்கிட்டு உம்முடைய வீட்டுப் பக்கத்தால் போனவன்தான். கோயில் மற்றப் பக்கம்.

ஐந்து வருசத்துக்கு முன்னமே என் மனுசி செபஸ்தியம்மா சொன்னவள். "இஞ்சேருங்கோ, இந்தச் சனத்தை வேறை எங்கையாவது படுக்கச் சொல்லுங்கோ. நீங்கள் ஒரு திங்கட்கிழமையாவது கண் மூடினனீங்களோ?" நான் அனுப்பவில்லை. என் வீட்டிலிருந்து அனுப்பினால் உம்முடைய வீட்டில்தானே போய் நிற்பார்கள்.

சவிரிமுத்துக் கிழவர் தட்டுகிற யன்னல் என்னுடைய யன்னல். அவர் தட்டும்போதெல்லாம் நான் அவரை மனதுக்குள் திட்டாத திட்டில்லை. இப்போது உம்முடைய யன்னலில் தட்டுகிறார் என்று வாசிக்க, என் காணியில் வேறொருவன் வேலி போட்டதைப்போல ஆத்திரம் வருகிறது.

இங்கே சத்தம் என்று ஒன்றுமில்லை. கல் வேலிகளுக்குப் பின்னால் குதிரைகள் மேய்கின்றன. நல்ல மீன், நல்ல தயிர். ஆனால் படுத்தால் உம்முடைய விறாந்தையில் யார் யார் படுத்திருப்பார்கள் என்று இங்கிருந்தபடியே ஆள் ஆளாக எண்ணுகிறேன். காலையில் எழும்ப உடம்பு அடித்துப் போட்டதுபோலக் கிடக்கிறது. செபஸ்தியம்மா என் பக்கத்தில் வந்திருந்து, "ஆள் இஞ்சை, மனம் அங்கை. இதுக்கு நீங்கள் அங்கையே இருந்திருக்கலாம்" என்கிறாள்.

குருசுமுத்துவைத் துறையில் கண்டேன். செவ்வாய்க்கிழமை அவனுடைய மாட்டு வழக்கு என்றான். நான் சுகம் மட்டும்தான் விசாரித்தேன். அதற்கு டொக்டர் தடை போடவில்லை.

பஸ்ரி

*

ஊர்காவற்றுறை
17.6.1964

பஸ்ரியாம்பிள்ளை அவர்களுக்கு,

நீர் குருசுமுத்துவிடம் எதை விசாரித்தீர் என்று நேற்று நீதிமன்றம் முழுவதும் தெரிந்துகொண்டது.

அயலவனுடைய காளைக்குத் தன் குறியைச் சுட்டுவிட்டான் என்பது அவன் மேலுள்ள குற்றச்சாட்டு. உமக்குத் தெரியும், அங்கே மாடுகள் வெளியில் திரிகிற மாடுகள், கூட்டத்தோடு கூட்டமாகப் பிடித்துச் சுடும்போது ஆள் மாறிச் சுடுவது நடக்கிறதுதான். தவறுதலாகச் சுட்டான், களவு எண்ணம் இல்லை. அதுதான் உண்மை, அதைத்தான் அவன் எனக்குச் சொன்னான், அதைத்தான் நான் நீதவானுக்குச் சொன்னேன். அவனும் கூண்டில் ஏறி அப்படியே சொன்னான். பிறகு ஒன்றும் கேட்காமலே, "இல்லை ஐயா, அது என்ரை பசு ஈண்ட கண்டுதான்" என்றான்.

நீதவான் பேனையைக் கீழே வைத்தார். "இதிலே எது?"

"ரண்டும்தான் ஐயா. முதலாவது இஞ்சை நிக்கிற ஐயாவுக்கு நான் சொன்னது. ரண்டாவது நெடுந்தீவிலை நிக்கிற ஐயா சொன்னால் வெல்லலாம் எண்டவர். ஆரையும் மனம் நோகப் பண்ண எனக்கு விருப்பமில்லை."

பொலிஸ்காரன்கூடச் சிரித்தான். குருசுமுத்து குற்றவாளி என்று தீர்ப்பு. நீதவான் என்னை உள்ளே கூப்பிட்டு, நம் இருவரில் யார் அவனுக்கு வழக்குப் பேசுகிறோம் என்று கேட்டார். பாடம் பிழைத்த பிள்ளை மாதிரி நின்றேன்.

உமக்கு என்ன தேவை? என் வேலையா? எடுத்துக்கொள்ளும். அந்த விறாந்தை என்னுடையது என்று நினைக்கிறீர். என் வீட்டில் படுத்து, என் அரிசிக் கஞ்சியைக் குடித்துக்கொண்டு, அவர்கள் கதைப்பது முழுக்க உம்முடைய கதை. "பஸ்ரியாம்பிள்ளை ஐயா எண்டால் இதுக்கு ஒரு வழி பார்த்திருப்பர்." "அந்த ஐயா கடதாசியைத் தொட்டாலே காணும்." நீர் போன பிறகு ஆறு வழக்கு வென்று கொடுத்தேன். வென்றவன் வெளியில் வந்து, "அந்த ஐயா முதல் எழுதி வைச்சதாலைதான் வெண்டது" என்கிறான். என் சொந்தப் பிள்ளைகளின் பெயரைவிட உம்முடைய பெயரைத்தான் என் வீட்டில் கூடுதலாகக் கேட்கிறேன். நீர் இல்லாத இடத்திலும் நான் இரண்டாவது ஆள்தான்.

நித்திரை இல்லை. நெஞ்சுக்குள் ஏதோ இறுக்கிப் பிடிக்கிறது. இந்தக் கடிதத்துக்குப் பதில் போடத் தேவையில்லை.

க. ஐயாத்துரை

*

நெடுந்தீவு
20.6.1964

ஐயாத்துரை,

போடத் தேவையில்லை என்றீர். போடுகிறேன்.

குருசுமுத்து நேற்று வந்தான். அவன் எனக்கு இரண்டு அடி போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு செம்பு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ரண்டு ஐயாமாரும் எனக்காண்டி எவ்வளவு பாடுபட்டியள்" என்றான். காளையும் போய், பெயரும் கெட்டு, மோரும் கொண்டுவந்திருக்கிறான். குடித்தேன்.

அவனை நான் பிழையாக நடத்தினேன். உம்மையும்தான். உம்முடைய வாயால் அந்த வழக்கு வெல்லப்படுவதை என்னால் தாங்கிக்கொள்ள ஏலவில்லை. வேறு காரணம் இல்லை. அவன் வெல்ல வேண்டும், ஆனால் என்னால் வெல்ல வேண்டும். அவ்வளவுதான் என் நீதி.

இனி எழுதப்போவதை வாசித்துவிட்டு நீர் இந்தக் கடிதத்தை எரித்தாலும் சரி.

என்னைப் பற்றித்தான் கதைக்கிறார்கள் என்று நீர் ஆத்திரத்தில் எழுதிய அந்த இடத்தை நான் செபஸ்தியம்மாவுக்கு உரத்து வாசித்துக் காட்டினேன். ஒரு தரமல்ல. பிறகு உமக்கு நித்திரை இல்லை, நெஞ்சு இறுக்குகிறது என்பதையும் வாசித்தேன். அன்று இரவு படுத்தேன். விடிந்து வெயில் முகத்தில் அடித்த பிறகுதான் எழும்பினேன். மாதக்கணக்கில் வராத நித்திரை.

எழும்பி முகம் கழுவப் போனபோதுதான் விளங்கியது. நீர் நித்திரையில்லாமல் கிடக்கிறீர் என்று அறிந்த இரவில் எனக்கு நித்திரை வந்திருக்கிறது. அது என்ன மாதிரியான மனுசன் கொள்ளுகிற நித்திரை, ஐயாத்துரை? கிணற்றுக் கட்டில் குந்தியிருந்து அழுதேன். செபஸ்தியம்மா வருத்தம் கூடிவிட்டது என்று பயந்துபோனாள்.

டொக்டர் வேலை கூடிப்போச்சு என்கிறார். வேலை ஒருவனையும் இப்படிச் செய்யாது. நமக்குப் பிடித்திருக்கிற வருத்தம் வழக்கு அல்ல, பக்கத்துக் கதிரையில் இருக்கிறவன்.

ஒன்று செய்வோம். ஊர்காவற்றுறைத் துறையடியில் எங்கள் கோயில் மடம் இருக்கிறது. திருவிழாவைத் தவிர மற்ற நாளில் வெறுமையாகத்தான் கிடக்கிறது. நான் பாதிரியாருக்கு எழுதுகிறேன். திங்கட்கிழமை வருகிற சனம் அங்கே படுக்கட்டும், அங்கே மீன் காய்ச்சட்டும். நீரும் விறாந்தையைச் சாத்தும், நானும் வந்த பிறகு சாத்துகிறேன்.

பஸ்ரி

*

ஊர்காவற்றுறை
8.7.1964

பஸ்ரியாம்பிள்ளைக்கு,

உம்முடைய கடிதத்தை எரிக்கவில்லை. எரிக்க வேண்டும் என்று அடுப்படிவரை போனேன்.

மடத்தைப் பற்றி நீர் எழுதியது நல்ல யோசனை போலத்தான் தெரிந்தது. பிறகு பிறக்கிராசியின் புத்தி வேலை செய்தது. நீர் இப்போது சாத்துவதற்கு உம்மிடம் ஒரு பாயும் இல்லை. சாத்தப்போகிறவன் நான் மட்டும். மூன்று மாதம் நான் சனத்தைத் திருப்பி அனுப்பிக் கெட்ட பெயர் எடுத்த பிறகு, நீர் சுகமாகி வந்து படலையைத் திறந்து வைத்தால்? அப்படிச் செய்ய மாட்டீர் என்று நினைக்கிறேன். நான் உம்முடைய இடத்தில் இருந்தால் செய்திருப்பேன் என்பதுதான் பயம்.

ஆகவே பதில் போடாமல் இருந்தேன். இப்போது எழுத வேண்டி வந்துவிட்டது.

நேற்று ஒரு சாதாரண வழக்கு. எழும்பினேன். என் கட்சிக்காரனின் பெயர் வரவில்லை. ஆள் எதிரில்தான் நிற்கிறான். முதல் நாள் என் வீட்டில் படுத்தவன். இருமுவதுபோல இருமி, கடதாசியைப் பார்த்துச் சமாளித்தேன். ஒருவரும் கவனிக்கவில்லை. உமக்கு அன்று குரல் நின்றபோது நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எங்கிருந்து தொடங்குகிறது என்று இப்போது எனக்குத் தெரியும்.

டொக்டரிடம் போக மனமில்லை. வாசலில் கண்டவன் ஊரெல்லாம் சொல்வான். ஒருவருக்குச் சொல்ல வேண்டும் என்று டொக்டர் சொன்னாராமே. உமக்குச் சொல்கிறேன். யோகம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. அவள் இன்னும் புளியங்கூடலில்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. குருசுமுத்துவின் வழக்குக்குப் பிறகு வந்த திங்கட்கிழமை, நீர் எப்போது வருவீர் என்று அவர்கள் கேட்டார்கள். "அவர் இனிக் கோட்டுப் பக்கம் வரமாட்டார்" என்று சொன்னேன். கோபத்தில் சொல்லவில்லை, ஆறுதலாக, யோசித்துச் சொன்னேன். விறாந்தை முழுக்கப் பேச்சு நின்றுபோயிற்று. செத்த வீடு மாதிரி. ஒருவரும் சாப்பிடவில்லை. நான் செத்தாலும் இப்படி இருப்பார்களா என்றுதான் அப்போது யோசித்துக்கொண்டிருந்தேன்.

டொக்டர் சொன்னதையெல்லாம் விபரமாக எழுதி அனுப்பும்.

ஐயாத்துரை

*

நெடுந்தீவு
12.7.1964

ஐயாத்துரை,

நான் இனி வரமாட்டேன் என்று நீர் சொன்னது எனக்கு இரண்டு கிழமைக்கு முன்னமே தெரியும். லோஞ்சில் வந்த ஆட்கள் நேரே என் வீட்டுக்கு வந்து, நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு மனுசி செபஸ்தியம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். அன்று உம்முடைய கழுத்தை நெரிக்க வேணும்போல இருந்தது. அடுத்த லோஞ்சில் ஏற உடுப்பும் அடுக்கிவிட்டேன். செபஸ்தியம்மா பெட்டியின் மேலே ஏறிக் குந்திவிட்டாள். "உங்களுக்குக் கோட்டு வழக்கு வேணுமோ, ஐயாத்துரையரைத் தோற்கடிக்க வேணுமோ? எதெண்டு சொல்லிப்போட்டு ஏறுங்கோ." உடுப்பைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தேன்.

டொக்டர் சொன்னதில் பாதியை நான் செய்யவில்லை. செய்து பார்த்ததில் எது பலித்தது என்பதை எழுதுகிறேன்.

கடதாசிக் கட்டை வீட்டுக்குக் கொண்டுவராதேயும். கந்தோரில் வைத்துப் பூட்டும். பூட்டின பிறகும் அது மண்டைக்குள் வரும்தான், ஆனால் கையில் இராது. வீட்டுக்கு வந்ததும் குளித்து உடுப்பை மாற்றும், மாற்றுமட்டும் ஒருவரோடும் கதைக்க வேண்டாம். சாப்பிடும்போது சாப்பாட்டைப் பாரும். நான் பதினாறு வருசம் என்ன தின்றேன் என்று எனக்கே தெரியாது. இங்கே வந்துதான் செபஸ்தியம்மாவின் கணவாய்க் கறிக்கு ஒரு ருசி இருக்கிறது என்று கண்டுபிடித்தேன். அவளிடம் சொன்னேன். முப்பது வயதில் கேட்க வேண்டிய புகழ்ச்சியை இப்போது கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு உங்கடை சுகவீனம்" என்றாள்.

நெஞ்சு இறுக்கினால் மூச்சை ஆழமாக இழுக்க வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இழுத்தால் பயம்தான் கூடும். விடுகிறதுதான் மருந்து. அடுப்பு ஊதுகிறதுபோல மெல்ல, நீளமாக விடும். நீதிமன்றத்தில் இருந்தபடியே செய்யலாம், ஒருவருக்கும் தெரியாது.

பெயர் மறந்தால் மறைக்காதேயும். அவனையே கேளும். "தம்பி, பேர் என்ன சொன்னீர்?" அவ்வளவுதான். நீதவான் தூக்கில் போட மாட்டார். நான் அன்று குரல் நின்ற உடனே கதிரையில் குந்தியிருந்தால், நீர் எழும்ப வேண்டி வந்திராது. நிற்க வேண்டும், உமக்கு முன்னால் இருக்கக்கூடாது என்று நின்றேன்.

இதெல்லாம் சின்ன வைத்தியம். பெரிய வைத்தியம் விறாந்தை. நான் வந்து திறந்து வைப்பேன் என்று பயப்படுகிறீர். அந்தப் பயம் நியாயம்தான், நான் சத்தியம் பண்ணினாலும் நீர் நம்ப மாட்டீர், நானும் என்னை நம்ப மாட்டேன். எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான். உமக்கு என்னுடைய வருத்தம் வரக்கூடாது. அதையாவது எனக்கு மட்டும் விட்டுவிடும்.

பாதிரியார் மடத்தைத் தரச் சம்மதித்துவிட்டார்.

பஸ்ரி

*

ஊர்காவற்றுறை
21.7.1964

அன்பின் பஸ்ரிக்கு,

நேற்றுப் பின்னேரம் படலையைச் சாத்தினேன்.

லோஞ்சால் இறங்கியவர்கள் வழக்கம்போல வந்தார்கள். வெளியிலேயே நின்று சொன்னேன். எனக்கும் சுகமில்லை, இரவில் நித்திரை வேணும், மடத்தில் படுங்கள், காலமை கந்தோருக்கு வாருங்கள், எவ்வளவு நேரமென்றாலும் கேட்கிறேன். பதினைந்து வருசத்தில் ஒரு கட்சிக்காரனுக்கு நான் இல்லையென்று சொன்னது இதுதான் முதல் தரம். கோபிப்பார்கள் என்று நினைத்தேன். சவிரிமுத்துக் கிழவர், "ஓம் ஐயா, உங்கடை முகமும் நல்லா வாடிப்போச்சு" என்றார். பாய்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். விறாந்தை வெறுமையாகக் கிடந்தது. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. நல்லதுக்கா கெட்டதுக்கா என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் கற்பூரம் வாங்க வெளிக்கிட்டேன். சிரியும், பரவாயில்லை.

மடத்தடியில் ஒருவரும் இல்லை. உம்முடைய தெருவுக்கு வந்தேன். உம்முடைய படலைக் கம்பியை அவிழ்த்து எல்லாரும் உள்ளே போயிருக்கிறார்கள். இரண்டு மாதச் சருகையும் கூட்டித் தள்ளி, விறாந்தையில் வரிசையாகப் பாய் விரித்திருக்கிறார்கள். நீர் அங்கே இல்லை. கதவு பூட்டிக் கிடக்கிறது. இரவில் தட்டுவதற்கு யன்னலுக்குப் பின்னால் ஆளில்லை. இருந்தும் மடத்தைவிட, என்னுடைய வீட்டைவிட, ஆளில்லாத உம்முடைய வீடு அவர்களுக்குப் பெரிது. சவிரிமுத்துக் கிழவர் உம்முடைய யன்னலுக்குக் கீழேதான் தலை வைத்திருந்தார்.

வேலிக்கு வெளியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் ஒருவர்மேலும் எனக்கு அப்படிப் பொறாமை வந்ததில்லை. ஊருக்குள் மழை பெய்து என் வளவில் மட்டும் பெய்யாததுபோல. உள்ளே போய் அவர்களை மடத்துக்கு அனுப்பியிருக்கலாம். எனக்கு என்ன உரிமை? அது உம்முடைய விறாந்தை.

இதை உமக்கு எழுதாமல் விடலாம் என்று யோசித்தேன். தெரிந்தால் நீர் நாளைக்கே லோஞ்ச் ஏறிவிடுவீர் என்று பயம். அதைவிட, உமக்கு இந்தச் சந்தோசத்தைக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் நீர் உம்முடைய கள்ள நித்திரையை எனக்கு ஒளிக்காமல் எழுதினீர். அதற்குப் பதிலாகக் கொடுக்க என்னிடம் இருப்பது இதுதான்.

எடுத்துக்கொள்ளும். உம்மைத்தான் அவர்களுக்குப் பிடிக்கும்.

ஐயாத்துரை

*

நெடுந்தீவு
24.7.1964

ஐயாத்துரை,

வாசித்தேன். செபஸ்தியம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கடற்கரையால் தெற்குப் பக்கம் முழுக்க நடந்தேன். என் யன்னலுக்குக் கீழே கிழவர் படுத்திருக்கிறார் என்பதை நினைக்க நினைக்க உடம்பெல்லாம் குளிர்ந்தது. பதினாறு வருசம் ஆசைப்பட்டது அதுதான். அதை உம்முடைய கையால் எழுதுவித்துப் பெற்றிருக்கிறேன். நீர் எழுதாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்தே இராது. நான் உம்முடைய இடத்தில் இருந்தால் எழுதியிருக்க மாட்டேன், ஐயாத்துரை. இந்த ஒரு விசயத்தில் நீர் என்னை வென்றுவிட்டீர், அதைச் சொல்ல எனக்கு வாய் நோகவில்லை.

லோஞ்ச் ஏற மாட்டேன். டொக்டர் சொன்ன மூன்று மாதமும் இருந்துவிட்டுத்தான் வருவேன்.

வருகிற திங்கட்கிழமை நீரே என் வளவுக்குள் போம். உமக்கு என்ன உரிமை என்று கேட்டீர், இந்தக் கடிதம்தான் உரிமை. அவர்களை மடத்துக்கு அனுப்பும். பஸ்ரியாம்பிள்ளை சொன்னவன் என்று சொல்லும், உடனே கேட்பார்கள். கம்பியை எடுத்துவிட்டுப் படலைக்கு ஒரு பூட்டுப் போடும். திறப்பை நீரே வைத்திரும், நான் வந்து கேட்டாலும் திங்கட்கிழமைகளில் தர வேண்டாம். கிழவருக்கு மட்டும் அவருடைய சங்கதியை இன்னொரு தரம் சொல்ல விட்டுக் கேளும். அதைக் கேட்க யாரும் இல்லாமல் அவர் என் பூட்டிய யன்னலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

யோகம்மாவைக் கூட்டிக்கொண்டு வாரும். கிணற்றடியில் இனித் திருக்கை காய்ச்ச மாட்டார்கள் என்று சொல்லும்.

பிறகு வீட்டுக்குப் போய்ப் படும். செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு வரி எழுதும், நித்திரை கொண்டீரா என்று. கொண்டிருந்தால் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும். பரவாயில்லை, எழுதும்.

பஸ்ரி